மேக் முடிந்தது, மாட்யூல் ஏறவில்லை

யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை உபுண்டு கண்டுகொள்ளவில்லை. அதன் டிரைவர் சோர்ஸ் கோடை இறக்கி, அதைக் கட்ட (கம்பைல் செய்ய) மேக் கட்டளை கொடுக்கிறீர்கள். பிழை எதுவும் இல்லை, ‘.கேஓ’ கோப்பும், அதாவது கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) ஏற்ற வேண்டிய மாட்யூலும் வந்துவிட்டது. அதை ஏற்ற இன்ஸ்மாட் கட்டளை போட்டால் ‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்கிறது. இந்த இடத்தில் பலர் சோர்ஸ் கோடைக் கிளற ஆரம்பிக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். இன்ஸ்மாட் ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளும். உண்மையான காரணம் கெர்னல் பதிவில் இருக்கும். டிமெசேஜ் கட்டளை கொடுத்து கடைசி வரிகளைப் பாருங்கள். ‘வெர்ஷன் மேஜிக்’ என்று தொடங்கி, 5.15.0-94-க்குக் கட்டியது, இங்கே இருக்க வேண்டியது 5.15.0-91 என்பதுபோல் ஏதாவது எழுதியிருக்கும்.

இது எப்படி நடந்தது? காலையில் அப்டேட் புதிய கெர்னலை நிறுவியது, நீங்கள் ரீபூட் செய்யவில்லை. ஓடுவது இன்னும் பழைய கெர்னல். மாட்யூல் கட்டத் தேவையான ஹெடர் பேக்கேஜை, பதிப்பு எண் இல்லாத பொதுப் பெயரில் கேட்டால் வருவதோ புதியதற்கானது. ஓடும் கெர்னலின் பில்ட் கோப்புறையைத் தேடிய மேக்ஃபைல் (மேக் படிக்கும் குறிப்புக் கோப்பு) அது இல்லை என்று நிற்கும். உடனே மேக்ஃபைலைத் திறந்து புதிய பதிப்பு எண்ணைக் கையால் எழுதி ‘சரி’செய்கிறோம். தவறு அங்கேதான். இதைவிட மோசம், மாட்யூல் ஏற்றும் இன்னொரு கட்டளையான மாட்ப்ரோப்புக்கு ஃபோர்ஸ் கொடுத்து, பதிப்புச் சோதனையை மீறி ஏற்றுவது. கெர்னலின் உள் அமைப்புகள் மாறியிருந்தால் மாட்யூல் தவறான நினைவகத்தில் கைவைக்கும்; கணினி உறைந்தால் அதிர்ஷ்டம், தரவு கெட்டால் துரதிர்ஷ்டம். ரீபூட் செய்து, மேக் கிளீன் கொடுத்து, மறுபடி கட்டினால் போதும்.

இன்னொரு தவறு, சுடோ மேக், அதாவது ரூட் (நிர்வாகி) உரிமையோடு கட்டுவது. கட்டுவதற்கு ரூட் தேவையே இல்லை, நிறுவத்தான் தேவை. ஒருமுறை ரூட்டாகக் கட்டினால் கோப்புகளெல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகி, அடுத்த முறை ‘பெர்மிஷன் டினைட்’ வரும். கோப்புறைப் பெயரில் இடைவெளி இருந்தாலும் கட்டும் வேலை குழம்பும்.

‘அன்நோன் சிம்பல்’ வந்தால் பதறாதீர்கள். உங்கள் மாட்யூல் நம்பியிருக்கும் வேறு மாட்யூல் இன்னும் ஏறவில்லை என்று பொருள்; இன்ஸ்மாட் அந்தச் சார்பு மாட்யூல்களைத் தானாக ஏற்றாது. வைஃபை டிரைவருக்குப் பெரும்பாலும் சிஎஃப்ஜி80211 என்ற மாட்யூல் வேண்டும். அதை முதலில் மாட்ப்ரோப்பால் ஏற்றிப் பாருங்கள்.

பழைய சோர்ஸில் வேறு வகைத் தொல்லை உண்டு. கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல. உதாரணமாக, கெர்னல் 5.6-இல் ப்ராக் கோப்புகளுக்கு ஃபைல் ஆபரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்ட் போய் ப்ராக் ஆப்ஸ் வந்தது, 6.4-இல் கிளாஸ் கிரியேட் ஃபங்ஷனுக்கு ஒரு ஆர்க்யூமென்ட் குறைந்தது. கம்பைலர் ‘இன்கம்பாட்டிபிள் பாயிண்டர்’ என்றால், டைப் காஸ்ட் போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். கம்பைல் ஆகும், அப்புறம் கெர்னல் கவிழும். உங்கள் பதிப்புக்குத் திருத்திய சோர்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள்.

‘கீ வாஸ் ரிஜெக்டட்’ என்றால் அது, நம்பகமான கையெழுத்து இல்லாத மாட்யூலைத் தடுக்கும் செக்யூர் பூட்டின் வேலை. அதை அணைப்பதைவிட, சாவி உருவாக்கி மாட்யூலில் கையெழுத்திட்டு, மாக்யூடில் கட்டளை மூலம் சாவியைப் பதிவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ரீபூட்டில் நீலத்திரை ஒன்று வந்து உறுதி கேட்கும். சில விநாடிகள்தான் காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து டீ எடுக்கப் போய்விடாதீர்கள்.

எல்லாம் ஓடியதும் மாட்யூலை டிகேஎம்எஸ் என்ற கருவியில் சேர்த்துவிடுங்கள். அது ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலை மறுபடி கட்டும். இன்றே செய்யுங்கள். அடுத்த கெர்னல் வந்து வைஃபை போன பிறகு, டிகேஎம்எஸ்ஸை இறக்க இணையம் வேண்டுமே.