கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் ரிமோட்டைத் தொடாதீர்கள்

போன வாரம் எடிட்டிங் கற்றுக்கொள்ளும் தம்பி ஒருவன் மினி பிசியை டிவியில் மாட்டிவிட்டு, "அண்ணே, படம் வெளுத்துத் தெரியுது, கான்ட்ராஸ்ட்டை ஏத்திட்டேன், இப்ப சூப்பர்" என்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வசனம். கேபிள் லூஸ், விவிட் மோடு போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். இவன் செய்தது வேறு ரகம்.

ரேஞ்ச் கோளாறை கான்ட்ராஸ்ட்டால் மூடுவது

8 பிட் வீடியோவில் ஒளி அளவை 0 முதல் 255 வரை எண்ணால் குறிப்பார்கள்; அதில் கறுப்பு 16-இல் தொடங்கும், வெள்ளை 235-இல் முடியும். இதுதான் லிமிடெட் ரேஞ்ச். கணினிக்கு 0 முதல் 255 வரை, அதாவது ஃபுல். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே கணக்கில் இருந்தால் வம்பில்லை. பிசி லிமிடெட்டில் அனுப்பி, டிவி அதை ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிடும். மாறி நடந்தால் இருட்டுப் பகுதி மொத்தமும் தார் ஊற்றியதுபோல ஆகும்.

என் கிராஃபிக்ஸ் கார்டு, டிவியைப் பார்த்ததும் தானாக லிமிடெட்டுக்குப் போய்விட்டது. டிவியிலோ அந்த இன்புட்டுக்கு 'பிசி' என்று பெயர் வைத்திருந்தேன். அது ஃபுல்லை எதிர்பார்த்தது. எனக்கு இது எதுவும் தெரியாது. கேமராதான் மோசம் என்று நினைத்து, கல்யாண வீடியோக்களில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி ரெண்டர் செய்து (இறுதி ஃபைலாக்கி), பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டு டிவி சரியான செட்டிங்கில் இருந்தது. கோட்டும் தலைமுடியும் ஒரே கறுப்புக் கட்டி. முகூர்த்தப் புடவையில் ஜரிகை இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு. "பொண்ணோட பின்னல் எங்க தம்பி?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். ரெண்டரில் வெட்டுப்பட்ட விவரத்தை அந்த ஃபைலிலிருந்து மீட்க வழியே கிடையாது. நாலு கல்யாணத்தைச் சும்மா திரும்பச் செய்து கொடுத்தேன். இன்னும் இரண்டுக்கு மூல கிளிப்புகளை அழித்தாயிற்று. அந்த வீட்டுக்காரர்களைத் தெருவில் பார்த்தால் இன்றும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன்.

பார்க்க வேண்டிய இடம் இரண்டே இரண்டு. பிசியில் கிராஃபிக்ஸ் டிரைவரின் அவுட்புட் ரேஞ்ச். டிவியில் சாம்சங் என்றால் 'ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவல்', எல்ஜி என்றால் 'பிளாக் லெவல்', சோனி என்றால் 'ஹெச்டிஎம்ஐ வீடியோ ரேஞ்ச்'. 'லோ' என்றால் லிமிடெட். சாம்சங்கில் 'நார்மல்', எல்ஜியில் 'ஹை' என்றால் ஃபுல். கண்ணை நம்ப வேண்டாம்; டிவியைச் சரிபார்க்கும் ஏவிஎஸ் ஹெச்டி 709 டெஸ்ட் பேட்டர்ன் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பிளாக் கிளிப்பிங் திரையில் எண் போட்ட பட்டைகளில் 16-உம் அதற்குக் கீழேயும் தெரியக் கூடாது, 17 மங்கலாகவாவது மினுக்க வேண்டும். அது சரியான பிறகு பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் பக்கம் போங்கள்.

இரண்டு இடத்தில் லிமிடெட்

கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயரிலும் லிமிடெட், கிராஃபிக்ஸ் டிரைவரிலும் லிமிடெட் என்று வைத்தால் படம் இரண்டு முறை சுருங்கும். கறுப்பு 30-க்கு ஏறும், வெள்ளை 218-க்கு இறங்கும். டிவி பக்கம் எதைத் திருகினாலும் ஒழுங்காகாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தீபாவளி லீவு முழுக்கப் போனது. மாற்றும் வேலையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

எப்போதும் ஹெச்டிஆர் (கூடுதல் ஒளி-நிழல் வீச்சு) போட்டு வைப்பது

வேண்டாம். ஸ்ட்ரீமிங் பெட்டியில் 'மேட்ச் கன்டென்ட்' (வீடியோவுக்கு ஏற்ப தானாக மாறும் வசதி) இருந்தால் அதைப் போடுங்கள்.

பழைய டிவிடி ஃபைல்கள்

டிவிடி தரத்துக்கு பிடி.601, ஹெச்டிக்கு பிடி.709 என்று கலர் கணக்கு வேறு வேறு. ஃபைலில் குறிப்பு இல்லையென்றால் பல பிளேயர்கள் ரெசல்யூஷனைப் பார்த்து ஊகிக்கும். பழைய கேசட் கல்யாணத்தை 1080-க்குப் பெரிதாக்குகிறவர்கள் கலரையும் 709-க்கு மாற்றி, அதைக் குறித்தும் வையுங்கள். இல்லாவிட்டால் சிவப்பும் பச்சையும் லேசாக நகர்ந்துவிடும். குங்குமத்தில்தான் முதலில் தெரியும்.

4கே 60-இல் திரை விட்டுவிட்டுக் கறுத்தால்

4கே-யில் நொடிக்கு 60 படம் போக, 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 கிகாபிட்) தாங்கும் கேபிளா என்று பாருங்கள். செட்டிங் மேல் பழி போடாதீர்கள்.