சேர்க்கை விகிதத்தை வைத்துக் கல்லூரியை எடைபோடாதீர்கள்

அமெரிக்காவில் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா போன்ற, இளநிலைப் படிப்பையே மையமாகக் கொண்ட சிறிய கல்லூரிகளை லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்பார்கள். ஒவ்வொன்றிலும் மொத்தமே ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்கள்தான். இன்று அங்கே நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

அந்தச் சதவீதத்தையே தரம் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. மெய்ன் மாநிலத்தின் கோல்பி கல்லூரியைப் பாருங்கள். 2014 வாக்கில் சுமார் 28 சதவீதம் பேருக்கு இடம் கொடுத்தது. ஐந்தே ஆண்டுகளில் அது 10 சதவீதத்துக்கும் கீழே போனது. இடையில் கல்லூரி விண்ணப்பக் கட்டணத்தை எடுத்துவிட்டது, விண்ணப்பத்தோடு தனக்கென்று தனிக் கட்டுரை கேட்பதையும் நிறுத்தியது. விண்ணப்பங்கள் குவிந்தன. இடங்கள் மட்டும் அதே அளவு. கோல்பி நல்ல கல்லூரிதான். ஆனால் அந்த ஐந்து ஆண்டில் வகுப்பறை மூன்று மடங்கு மேம்பட்டுவிடவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் யு.எஸ். நியூஸ் தரவரிசைகூட 2018-இல் இந்தச் சதவீதத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது.

'ஆர்ட்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் "அறிவியல் இருக்காது" என்று ஒதுக்குவது நம் வீடுகளில் நடக்கும் தவறு. இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் உண்டு. ஸ்வார்த்மோரில் பொறியியல் பட்டமே பெறலாம். முனைவர் பட்ட மாணவர்கள் அநேகமாக இல்லாததால், ஆய்வகத்தில் பேராசிரியருக்குத் துணையாக நிற்பது இளநிலை மாணவர்தான். எனக்கு இதைவிடப் பெரிய ஈர்ப்பு எதுவும் தெரியவில்லை.

அடுத்தது, 'ஏர்லி டிசிஷன்'. இடம் கிடைத்தால் கண்டிப்பாகச் சேருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, நவம்பரிலேயே விண்ணப்பிப்பது. இதில் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்ததும் பலர் அவசரப்படுகிறார்கள். அந்தக் கணக்கில் விளையாட்டுக்காக முன்பே தேர்வான மாணவர்களும் அடக்கம் என்பதை மறக்காதீர்கள். உதவித்தொகை போதாவிட்டால் விலகலாம், சரி. ஆனால் வேறு கல்லூரிகள் எவ்வளவு தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

அப்புறம் பணம். ஆண்டுச் செலவு 90,000 டாலரை ஒட்டி நிற்கிறது. வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமலே சேர்க்கை முடிவெடுக்கும் ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்றவை வெகு சில. மற்ற இடங்களில் உதவி கேட்டால் வாய்ப்பு குறையலாம். அதற்குப் பயந்து, "முதலில் சேர்ந்துவிடுவோம், பிறகு கேட்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகள் பின்னால் உதவி தருவதே இல்லை.