வாசலில் சாய்தளம்: உயரத்தை எங்கே அளப்பது?

அம்மா சக்கர நாற்காலிக்கு மாறிய பிறகு, வாசலின் இரண்டு படிகளிலும் அவரை நாற்காலியோடு தூக்கித்தான் இறக்குவோம். தூக்கும்போதெல்லாம் கண்களை இறுக மூடிக்கொள்வார். அதைக் காணப் பொறுக்காமல் சாய்தளம் கட்டினேன். முதலில் கட்டியதை இடித்துவிட்டு மறுபடி கட்ட நேர்ந்தது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

1. சரிவைக் கணக்கிடுங்கள்

பல நாடுகளின் கட்டட விதிகள் 1:12 சரிவை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. அதாவது, 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். இதைவிடச் செங்குத்தாகக் கட்டாதீர்கள்.

2. உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். படியருகே டேப்பைப் பிடித்தேன், 30 செ.மீ. வந்தது. 360 செ.மீ. நீளம் போதுமென்று கட்டி முடித்தோம். அம்மா தாமே உருட்டி ஏற முயன்றபோது நாற்காலி பின்னோக்கி வந்தது. மறுபடி அளந்தேன். மழைநீர் வடிவதற்காக முற்றம் 60 செ.மீ.க்கு 1 செ.மீ. வீதம் தாழ்ந்துகொண்டே போயிருந்தது. சாய்தளம் முடியும் இடத்தில் உண்மையான உயரம் 36 செ.மீ.; சரிவு 1:10 ஆகிவிட்டிருந்தது.

36ஐ 12ஆல் பெருக்கி 432 என்று நிறுத்தினாலும் தவறுதான். தள்ளிப் போகப் போக நிலம் இன்னும் இறங்குமே! 450 செ.மீ. தூரத்தில் உயரம் 37.5 செ.மீ.; அங்கேதான் கணக்கு சரியாக வந்தது.

இதற்குக் கைப்பேசிச் செயலியை நம்பாதீர்கள். ட்யூப் லெவலே, அதாவது தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயே சிறந்தது. குழாயில் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நீர்மட்டம் வாசல் தளத்தோடு ஒட்டி நிற்கட்டும். மறுமுனையைச் சாய்தளம் முடியும் இடத்தில் பிடித்து, தரையிலிருந்து நீர்மட்டம் வரை அளந்தால் அதுவே உயரம்.

3. மேல்தளம்

கதவுக்கு முன்னால் 150 செ.மீ. நீள அகலத்தில் சமதளம் வேண்டும். சரிவில் நின்றபடி யாராலும் பூட்டைத் திறக்க முடியாது.

4. பூச்சும் ஓரமும்

கொத்தனார் வழவழப்பாகத் தேய்க்கத்தான் விரும்புவார், விடாதீர்கள். ஈரம் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். பளபளக்கும் ஓடு கூடவே கூடாது. இருபுறமும் 10 செ.மீ. உயரத்தில் வரப்பு கட்டுங்கள். அடிமுனையில் விரல் கனத்துக்குக்கூட மேடு இருக்கக் கூடாது. சிறிய முன்சக்கரம் அதில் முட்டி நின்றால் அமர்ந்திருப்பவர் முன்னால் சரிந்துவிடுவார்.

5. கைப்பிடி

உருளைக் குழாய், 86 முதல் 96 செ.மீ. உயரத்தில். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே குறைந்தது 92 செ.மீ. இடைவெளி.

பின்சேர்க்கை: ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பக்கவாதத்தால் வலக்கை விழுந்தவர் ஏறும்போது இடப்பக்கம் பிடிப்பார்; இறங்கும்போது அவருடைய இடக்கை எதிர்ப்பக்கம் வந்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும்.

இன்னொன்று: பழைய படிகளை இடித்துவிட வேண்டாம் என்று ஊன்றுகோலுடன் நடக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். செயற்கைக் கால் அணிந்தோர் சிலருக்கும் சரிவைவிடப் படியே எளிது. இடமிருந்தால் சாய்தளத்தைப் படிக்குப் பக்கவாட்டில் கட்டுங்கள்.