வென்டிலேட்டர் வைப்பதா, வேண்டாமா: கிறிஸ்தவக் குடும்பம் முன்கூட்டியே பேசி எழுதிவைக்கும் முறை

காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மூச்சு முட்டிய பெரியவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் ஐ.சி.யு. வாசலில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள்: "குழாய் போடணும், கையெழுத்துப் போடுங்க." வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவிக்காகத் தொண்டையில் இறக்கும் குழாய் அது. மகனுக்கு அங்கே யோசிக்க ஐந்து நிமிடம்கூட இருக்காது. அதனால் இந்தப் பேச்சை வீட்டிலேயே, பெரியவர் திடமாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் மதியம் இதற்குத் தோதான நேரம்.

முதலில் பயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "வேண்டாம்னு எழுதுனா தற்கொலை ஆகாதா?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். ஆகாது. செயற்கைச் சுவாசக் கருவி புதிதாக வந்திருந்த 1957-இல், மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் பதில் சொன்னார்: உயிரைக் காக்க இயல்பான வழிகளைக் கையாள்வது கடமை; தனக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் வழிகளைக் கையாள்வது கடமையல்ல. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2278-ஆம் எண்ணும் அதே வழியில் செல்கிறது. பயனுக்கு மிஞ்சிய சுமை தரும் சிகிச்சையை நிறுத்தலாம். அங்கே நாம் சாவை வரவழைக்கவில்லை, தடுக்க முடியாததை ஏற்றுக்கொள்கிறோம். வத்திக்கானின் 1980-ஆம் ஆண்டு அறிக்கை, குடும்பத்துக்கு அளவுக்கு மீறிய செலவு வைக்க விரும்பாததையும் நியாயமான காரணமாகவே எண்ணுகிறது. நகையையும் நிலத்தையும் அடகு வைத்துத் தவிக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு. அது கருணைக்கொலை, திருஅவையும் ஏற்காது, நம் சட்டமும் ஏற்காது.

ஓரியூருக்கு ஆண்டுதோறும் போய் வருகிறோம். 1693-இல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காகத் தலை கொடுத்த மண் அது. உயிர் பெரிய கொடைதான், ஆனால் அதுவே கடைசி நன்மை அல்ல என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி பேச்சு. "அப்பத்தா, உங்களுக்கு வென்டிலேட்டர் வேணுமா?" என்று கேட்டால் பதில் வராது, அவருக்கு அது என்னவென்று தெரியாது. நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். "அப்பத்தா, சளிக் காய்ச்சல் முத்தி மூச்சு முட்டுது, நாலஞ்சு நாள் குழாய் போட்டா எந்திரிச்சிருவீகன்னு டாக்டர் சொன்னா?" "போடச் சொல்லு." "மூளை அடிபட்டுப் போச்சு, இனி கண் முழிக்க மாட்டீகன்னு சொன்னா?" பெரும்பாலும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எதுக்குய்யா" என்பார். இந்த இரண்டு பதிலுக்கும் இடையில்தான் நீங்கள் எழுதவேண்டிய கோடு இருக்கிறது. அவர் சொன்ன சொல்லையே அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் அதிகம் நேரும் தவறு, "குழாய் வேண்டாம்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது. குணமாகக்கூடிய நிமோனியாவுக்கும் அந்த வரி பொருந்திவிடும். எப்போதும் நிலைமையும் சிகிச்சையும் சேர்ந்தே வரவேண்டும். "நினைவு திரும்ப வழியில்லை என்று மருத்துவர்கள் உறுதி செய்தால் வென்டிலேட்டரும் சி.பி.ஆரும் வேண்டாம்" என்பதுபோல. சி.பி.ஆர். என்பது நின்றுபோன இதயத்தை மீட்க நெஞ்சை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குவது. முதியவருக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். டயாலிசிஸ் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போய்வரும் பயணம் தனி. இந்தச் சுமையைப் பெரியவருக்கு மறைக்காமல் சொன்னால்தான் அவர் முடிவு அவருடையதாக இருக்கும்.

சோறு தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். குழாய் வழியே தரும் உணவும் நீரும் அடிப்படைப் பராமரிப்பே என்று 2004-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். எனவே "உணவுக் குழாய் வேண்டாம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். "உடல் ஏற்கும்வரை தரலாம்" என்று எழுதுங்கள். சாவு நெருங்கி, உடல் உணவை ஏற்காமல் வீக்கமும் மூச்சிரைப்பும் கூடும்போது, அது உணவாக வேலை செய்வதில்லை. அப்போது அதைக் கட்டாயமாகத் தரவேண்டியதில்லை.

எழுதியது சட்டப்படி நிற்கவேண்டும். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023 ஜனவரியில் எளிதாக்கிய முறை இது: 18 வயது நிரம்பி, தெளிந்த மனதோடு இருப்பவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று. முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டியிருந்தது, இப்போது வேண்டாம். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவருக்கு மேற்பட்டோர் பெயரை எழுதலாம், எழுதவும் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகன் பெயர் மட்டும் இருந்தால், அவர் விமானம் ஏறும்வரை இங்கே ஒன்றும் நடக்காது. உள்ளூரில் இருக்கும் மகளையோ மருமகளையோ சேருங்கள். நகல் ஒன்று நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கான அலுவலரிடம், ஒன்று குடும்ப மருத்துவரிடம். மூலப்பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவைத்துச் சாவியைத் தேடாதீர்கள். மருந்துச் சீட்டு, ஸ்கேன் வைக்கும் பைக்குள்ளேயே வையுங்கள். மருத்துவமனையில் இதைக் கொடுத்ததும் சிகிச்சையை நிறுத்திவிட மாட்டார்கள். அங்குள்ள மருத்துவர் குழு பார்க்கும், பிறகு இரண்டாவது குழு உறுதி செய்யும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள்.

ஐ.சி.யு.வில் நிலைமை புரியாதபோது கெடு வைத்துப் பார்ப்பது நல்லது. "மூணு நாள் வச்சுப் பாப்போம் டாக்டர். எதைப் பாத்து முன்னேற்றம்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். ஆக்சிஜன் தேவை குறைகிறதா, மயக்க மருந்தைக் குறைத்தால் கண் திறக்கிறாரா, சிறுநீர் பிரிகிறதா என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, மூன்றாம் நாள் அதையே திரும்பக் கேளுங்கள். வைக்காமல் இருப்பதுகூடச் சரி, வைத்ததை எடுப்பதுதான் பாவம் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் உண்டு. திருஅவை அப்படிப் பிரிக்கவில்லை. 2278-ஆம் எண் பேசுவதே நிறுத்துவதைப் பற்றித்தான்.

கடைசியில், "வீட்டுக்குக் கொண்டுபோயிருங்க" என்பார்கள். கையால் காற்றூட்டும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே 90 கிலோமீட்டர் வந்து, திண்ணையில் குழாயை உருவினால் அவர் மூச்சுத் திணறித்தான் போவார். டிஸ்சார்ஜுக்கு முன்பே வலிதணிப்பு மருத்துவரைப் பார்த்து, மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மார்ஃபினும், அதோடு மலமிளக்கியும் எழுதி வாங்குங்கள். வலியைத் தணிக்கும் நோக்கில் அளவோடு தரும் மார்ஃபினைத் திருஅவை அனுமதிக்கிறது.

பங்குத்தந்தையை எப்போது அழைப்பது? மூச்சு இழுக்கும்போது அல்ல. நோயுற்றவருக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனமான நோயில்பூசுதலை இன்னமும் "அவஸ்தைப் பூசுதல்" என்றே சொல்வதால், சாமியார் வந்தால் சாவு வந்தது என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். யாக்கோபு 5:14 சொல்வது நோயுற்றவரை, சாகக் கிடப்பவரை மட்டும் அல்ல. பெரிய அறுவைக்கு முன்பே, குழாய் போடுவதற்கு முன்பே அழையுங்கள். குழாய் போட்டபின் பாவசங்கீர்த்தனம் சொல்ல வாய் வராது, நற்கருணை விழுங்க முடியாது. ஐ.சி.யு. என்றால் எண்ணெய் மட்டும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் மெழுகுதிரி கொளுத்தவே கூடாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தார் போதகரை அழைப்பதற்கும் இதே நேரக்கணக்கு பொருந்தும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் ஆயுள் மாத்திரைகள் பற்றியும் கேட்கிறார்கள். என்.எம்.என்., ரெஸ்வெரட்ரால் போன்றவை மனித ஆயுளை நீட்டியதாக நிரூபணம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டு இவற்றை விழுங்கினால் இருப்பதும் போகும். ஆயுள் நீள ஆசைப்படுவது பாவமல்ல. யூதா அரசர் எசேக்கியா அழுது வேண்டினார், பதினைந்து ஆண்டு கூட்டிக் கிடைத்தது. இறைவாக்கினர் எசாயா அவருடைய கட்டிக்கு அத்திப்பழ அடையும் வைக்கச் சொன்னார் (2 அரசர் 20). செபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. ஆனால் 1967 முதல் அமெரிக்காவில் செய்வதுபோல், இறந்த உடலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்து என்றாவது எழுப்பலாம் என்பது வேறு வகை. அது இதே உடலை, இதே வாழ்வை நீட்டப் பார்க்கிறது. பவுல் 1 கொரிந்தியர் 15-இல் சொல்லும் உயிர்ப்பு அப்படியல்ல; விதைத்தது ஒன்று, முளைப்பது வேறொன்று.

வீட்டில் கடைசி நாட்களில்: தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுக்கவையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள், முகத்தில் காற்றுப் படும்படி மின்விசிறி வையுங்கள், மூச்சிரைப்பு தணியும். தொண்டையில் கரகரத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றுங்கள். செபமாலையைக் காதருகில், அவருக்குப் பழகிய மெட்டில், மெதுவாகச் சொல்லுங்கள். கண் மூடியிருந்தாலும் காது கேட்கலாம்.