கடல் உயிர்களை இணையத்தில் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

பாம்பன் கரையில் ஒரு கிளிஞ்சலைப் பார்த்தால் உடனே போனை எடுத்து "இது என்ன?" என்று தேடுகிறோம். தேடுவது நல்லதுதான். சறுக்கல் பெரும்பாலும் பெயரில் வருகிறது.

ஊர்ப் பெயரை நம்பி இனத்தை முடிவு செய்வது முதல் தவறு. கடல் அட்டை, அட்டை இல்லை. நட்சத்திர மீன், மீன் இல்லை. இரண்டும் முட்தோலிகள், அதாவது முள்ளுள்ள தோல் கொண்ட உயிர்கள்; கடலைத் தவிர வேறெங்கும் வாழாத கூட்டம். கணவாயும் மீன் இல்லை, நத்தைக்கு உறவு. நீல பலூன் மாதிரி கரை ஒதுங்கும் புளூபாட்டிலை ஜெல்லிமீன் என்கிறோம். அதுவோ பல சிற்றுயிர்கள் ஒட்டிச் சேர்ந்த ஒரு குடியிருப்பு!

சரி, அறிவியல் பெயரைப் பிடித்தால் போதுமா? அதுவும் மாறும். வெள்ளை இறால் முதலில் பெனேயஸ் இண்டிகஸ். 1997க்குப் பிறகு பலர் ஃபென்னெரோபெனேயஸ் இண்டிகஸ் என்று எழுதினார்கள். இப்போது மறுபடி பெனேயஸ். ஒரு பெயரை மட்டும் தேடினால் மற்றப் பெயரில் உள்ள கட்டுரைகள் கண்ணில் படாது. வல்லுநர்கள் திருத்திவரும் வோர்ம்ஸ் என்ற உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில் பழைய பெயரைப் போட்டாலும் இன்றைய பெயரைக் காட்டிவிடும். ஆனால் அது பதிவேடு, பாடப்புத்தகம் இல்லை. நம் கடலைப் பற்றி வாசிக்க, 1947ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியம் இருக்கிறது. பழைய அறிக்கைகள்கூட இலவசம்.

அதிகம் ஏமாறும் இடம், பார்த்த உயிர்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி. படத்தைப் போட்டதும் செயலி ஒரு பெயரை நீட்டும், நாம் அதையே தேர்ந்துவிடுவோம். பார்க்கிற நண்பரும் மரியாதைக்கு "ஆமாம்" என்பார். இரண்டு பேர் ஒத்துப்போனாலே, மற்ற விவரங்கள் சரியாக இருந்தால், பதிவு "ஆய்வுத் தரம்" ஆகிவிடும். அங்கிருந்து எந்த உயிர் எங்கே காணப்பட்டது என்று சேர்த்துவைக்கும் ஜிபிஃப் போன்ற உலகத் தரவுத்தளத்துக்கும் போகலாம். ஆகவே தெரிந்த அளவில் நிறுத்துங்கள். "நண்டு" என்று மட்டும் போடுவதில் வெட்கமில்லை. படமும் ஒன்று போதாது: நட்சத்திர மீனுக்கு அடிப்பக்கம், நண்டுக்கு ஓடும் கொடுக்கும் முகமும் வேண்டும். கடற்பஞ்சு என்றால் இனப் பெயர் போடுவதையே விட்டுவிடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு உள்ளே உள்ள நுண்முட்களை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் தெரியும்.

ஜிபிஃப் வரைபடத்தில் நம் கரையோரம் புள்ளி இல்லையென்றால் "இங்கே அது கிடையாது" என்று எழுதிவிடுகிறார்கள். பல சமயம் யாரும் பதியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், படத்துக்காகக் கையில் தூக்கும் பழக்கம். அழகான கோடு போட்ட கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் தொடவே வேண்டாம். அதன் நச்சு ஊசியால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். கடல் அட்டையை எடுத்துப்போனால் வனவிலங்குச் சட்டப்படி வழக்கு. கல்லைப் புரட்டினால், படம் எடுத்ததும் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் காய்ந்துவிடும்.