பாலச் செலவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுஞ்சாலைத் துறைச் செய்திகளைப் பல வருடங்களாக எழுதி வருகிறேன். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். லட்சமும் கோடியும் இடம் மாறினால் யாராவது பிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிடுகிற தவறுகள்தான் கீழே இருப்பவை.

அறிவித்த தொகையைச் செலவான தொகையாக எழுதுவது

சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவிப்பது தொடக்கம் மட்டுமே. அப்புறம் அரசாணை, டெண்டர், நிதி ஒதுக்கீடு என்று நீளும். உண்மையில் எவ்வளவு போனது என்பது பட்ஜெட் புத்தகத்தில் ‘கணக்கு’ என்ற இடத்தில்தான் தெரியும். 2025-26 புத்தகத்தில் இருக்கும் கணக்கு 2023-24க்கானது.

இரண்டு மதிப்பீடுகளைக் கழித்துப் பார்ப்பது

இன்றைக்கும் எரிச்சல் அடங்காத தவறு இது. சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலை பற்றி ஒரு தம்பி கட்டுரை கொண்டுவந்தார். “1,815 கோடி 5,850 கோடி ஆனது” என்று தலைப்பு. “புதுசு எத்தனை அடுக்கு தம்பி?” என்று கேட்டேன். “பாலம்தானே சார்” என்றார்.

2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டியது ஓரடுக்குச் சாலைக்கு. தனியார் நிறுவனம் முதல் போட்டுக் கட்டி, சுங்கம் வசூலித்து எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம். கூவத்தில் தூண்கள் ஒப்புதலுக்கு மாறாக நிற்கின்றன என்று 2012 மார்ச்சில் அன்றைய அதிமுக அரசு வேலையை நிறுத்தியது. 2014இல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம் மோடி அடிக்கல் நாட்டியது ஈரடுக்குச் சாலைக்கு. மேலே துறைமுக லாரிகள் போகும். கீழே கோயம்பேட்டிலிருந்து நேப்பியர் பாலம் வரை நகர வண்டிகள் போகும். கட்டும் செலவை இந்த முறை அரசே தருகிறது.

அடுக்கு வேறு, ஆண்டு வேறு, பணம் போடுகிறவர் வேறு. இதைக் கழித்து 4,035 கோடி நஷ்டம் என்று எழுதினால், ஒரு தரப்பு “நீங்கள் நிறுத்தியதால் வந்தது” என்னும், மறு தரப்பு “ஊதிப் பெருக்கிய மதிப்பீடு” என்னும். இரண்டுக்கும் நம் கட்டுரையே சாட்சியாகிவிடும்.

வேலை நின்றதற்கு ஊர் கொடுத்த உண்மையான விலை அந்தக் கழித்தலில் வரவே வராது. மேல்தளம் இல்லாமல் வருடக்கணக்காக ஆற்றில் நின்ற தூண்கள், அவற்றில் முடங்கிய கம்பியும் சிமெண்டும், துறைமுகத்துக்குள் போக வரிசையில் கிடந்த கன்டெய்னர் லாரிகளின் டீசல், டிரைவர்களின் கூலி. இதைத் தேடிப் போங்கள். கூடவே, ஆற்றுக்குள் தூண் எங்கே நிற்கிறது என்பது நியாயமான கேள்வி. அனுமதித்த வரைபடத்தைப் பார்க்காமல் அதை வெறும் அரசியல் சாக்கு என்று தள்ளிவிடவும் கூடாது.

டெண்டர் புகாரையும் பாலத்தின் தேவையையும் குழப்புவது

2001இல் சென்னை மேம்பாலங்கள் தொடர்பான வழக்கில் கருணாநிதி கைது செய்யப்பட்டார். புகார், கட்டிய விதத்தையும் அதற்கான செலவையும் பற்றியது. அந்தச் சந்திப்புகளுக்கு மேம்பாலம் தேவையா என்பதற்கு வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் பதில் தேட வேண்டும்.

யார் பணம்?

மத்திய அரசா, மாநிலமா, மாநகராட்சியா, கடனா. முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.