மாரிமழையை முன்கூட்டிக் கணிப்பது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மழையைக் கணிக்க, முதலில் செய்மதிப் படத்தில் வங்காள விரிகுடாவைப் பாருங்கள். தென்மேற்கு மூலையில் தாழமுக்கம் உண்டா, காற்று வடகிழக்கிலிருந்துதான் வருகிறதா?

காற்று நேராகக் கரையைத் தாக்கினால் எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரத்தில், இரவிலும் விடியற்காலையிலும் திடீர் மழை கொட்டும், அப்புறம் சில நேரம் வெயிலும் எறிக்கும். அதை நம்பிவிடாதீர்கள், ஏனென்றால் அதே ஈரக்காற்று உள்ளே போய் ஊவா மலைச்சரிவில் மேலெழுந்து குளிர்ந்து அங்கே இன்னும் பலமாகப் பெய்யக்கூடும். பதுளை மாவட்டத்து மதுல்சீமைப் பக்கம் விழுவது கல்லோயா ஆறு வழியாக அம்பாறையின் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்துக்குத்தான் வரும்.

ஆகவே வயல்காரர்கள் வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பில் பதுளையின் மழைவீழ்ச்சியையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறக்கும் அறிவித்தல் வந்தால், வானம் வெளித்திருந்தாலும் மாடுகளை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.